சைட் பதினாலில் வந்த பாசிட்டிவ்

1. கதவைச் சாத்திய செவ்வாய்க்கிழமை

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்யாணி மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொல்லி நான் கண்டதில்லை. வேலை போகப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வனஜா, உக்காருங்க. சைட் பதினாலு பாசிட்டிவ்."

"எதுக்கு?"

"புல் கெண்டைக்கு. எட்டு ட்யூப்ல ரெண்டு ஏறியிருக்கு. நம்பாம திரும்ப ஓட்டினேன். திரும்பவும் ரெண்டு."

நான் கதிரையில் இருந்தேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கல்யாணி மேடம் எங்கள் ஆய்வுகூடத்தின் தலைவர். சென்னையிலிருந்து மேல்படிப்புக்கு மொன்றியல் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் களத்தில், சைட் என்று எண் போட்ட இடங்களில், தண்ணீர் அள்ளுகிறவள். அந்நிய மீன்களும் சிப்பிகளும் ஆற்றுக்குள் வந்துவிட்டனவா என்று பார்த்துச் சொல்வது எங்கள் ஒப்பந்தம். அவற்றில் எல்லோரும் பயப்படுவது புல் கெண்டைக்கு. ஆற்றுப் பாசியையும் நீர்ப்புல்லையும் ஒரு நாளைக்குத் தன் எடையளவுக்குக்கூடத் தின்று தீர்க்கும். அந்தப் புல்லுக்குள்தான் இந்த ஊர் மீன்கள் முட்டையிடும்.

மீனைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. அதனால் தண்ணீரில் தேடுகிறோம். மீன் போகிற வழியில் வழுவழுப்பு, செதில், கழிவு என்று எதையாவது விட்டுவிட்டுத்தான் போகும். ஒரு லீட்டர் தண்ணீரை மெல்லிய ஃபில்டரில் இழுத்து, ஃபில்டரை ஐஸில் கொண்டுவந்து கொடுத்தால், மேடம் அதிலுள்ள டிஎன்ஏயை பிசிஆர் மெஷினில் போட்டுப் பெருக்குவார். தேடும் மீனுடையது இருந்தால் திரையில் கோடு ஏறும். ஒன்றை மறக்க வேண்டாம். மெஷின் மீன் இருக்கிறது என்று சொல்லாது. மீனின் ஏதோ ஒன்று தண்ணீரில் இருந்தது என்றுதான் சொல்லும்.

"என்ரை பிளாங்க் என்னமாதிரி மேடம்?" என்று கேட்டேன். பிளாங்க் என்றால், நாங்கள் கையோடு கொண்டுபோகும் சுத்தமான தண்ணீர். அதையும் ஆற்றங்கரையில் திறந்து அதே மாதிரி வடிகட்ட வேண்டும். அதிலும் கோடு ஏறினால் அழுக்கு எங்கள் கையில் என்று அர்த்தம்.

"பிளாங்க் சுத்தம். உங்க கைல தப்பில்ல. தண்ணியிலதான் இருந்திருக்கு." மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிரச்சினை என்னன்னா, மீன் பிடிக்கிற குழு ஒண்ணுதான் இருக்கு. படகும் ஒண்ணுதான். தென்கரைப் பக்கம் இன்னொரு ஆத்துலயும் இதே மாதிரி வீக் பாசிட்டிவ். எங்க அனுப்பறதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். அன்னிக்கு சைட்ல வித்தியாசமா ஏதாவது பாத்தீங்களா?"

"இல்லை மேடம். வழக்கம்போலத்தான்."

அறையை விட்டு வெளியே வந்து நடைபாதையில் பாதி தூரம் போயிருப்பேன். அந்தத் தண்ணீரை எடுத்த திகதி நினைவுக்கு வந்தது. கால் நின்றுவிட்டது.

2. அண்ணையின் எட்டு

அந்தத் திகதிக்கு இரண்டு நாள் முன்னால்தான் என் அண்ணையின் எட்டுச் செலவு, இறந்த எட்டாம் நாள் படையல்.

தேவன் அண்ணைக்கு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குகிற வேலை. கல்யாணம் செய்யவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு வங்காளிப் பெடியனோடு அறை எடுத்திருந்தார். அவன் சமைத்துப் பழக்கியதில் அண்ணைக்கு ஆற்று மீனில் பைத்தியம் பிடித்துவிட்டது. கடல் மீன் தின்று வளர்ந்த எங்களுக்கு அதன் மண் மணம் ஆகாது. அவருக்கோ கெண்டைத் தலை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. அதிலும் புல் கெண்டை. இங்கே உயிருள்ளதையும் குடல் எடுக்காததையும் விற்கத்தான் தடை. குடல் எடுத்து ஐஸில் கிடப்பதை யாரும் வாங்கலாம்.

"நீ சம்பளத்துக்கு ஆறு ஆறாத் தேடித் திரியிற மீனை நான் கடையிலை தலையும் வாலுமா வாங்கிச் சாப்பிடுறன் பார்" என்று என்னைச் சீண்டுவார். நானும் விடமாட்டேன். "தின்னுங்கோ அண்ணை, தின்னத் தின்னத்தான் எங்களுக்கு வேலை குறையும்" என்பேன். மே மாதத்தில் ஒரு நாள் சந்தையில் பெட்டி தூக்கும்போது விழுந்தவர் எழும்பவில்லை.

எட்டை அக்கா வீட்டில், புல் கெண்டைத் தலையும் சமைத்துச் செய்தோம். எங்கள் ஆட்கள் எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்த மீன், இறைச்சி என்று மச்சச் சாப்பாடுகளைச் சமைத்துப் படைப்பார்கள். பிறகு எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வாழையிலையில் கட்டி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துக் கழிப்பார்கள். கொண்டுபோகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் வந்து கால் கழுவி உள்ளே வந்ததும் ஒருவரும் எதுவும் கேட்கக் கூடாது. அதோடு அந்த விஷயம் முடிந்தது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எந்தச் சந்தியில் கொண்டுபோய் மீன் தலையை வைப்பது? ரக்கூன் இழுத்து வீதி முழுக்கப் பரப்பிவிடும், பக்கத்து வீட்டுக்காரர் நகரசபைக்குப் போன் அடிப்பார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீதானே ஆத்தங்கரை எல்லாம் அளந்து வைச்சிருக்கிறனி. ஆக்கள் வராத ஒரு இடம் சொல்லன்."

சொன்னேன். மொன்றியல் தீவின் வடக்குப் பக்க ஆற்றில், சின்னப் படகு இறக்குகிற ஓர் இடம். அக்காவின் கணவர், யோகன் அத்தான், கைத்தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து தந்தார். நானே விரலால் குத்திக் காட்டினேன். இலைக்கட்டு இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. வெளிச்சம் இருக்கவே அத்தான் காரில் போனார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தார், கால் கழுவினார், உள்ளே வந்தார். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

நான் காட்டிய இடம் சைட் பதினாலுக்கு மேலே, நீர் வரும் பக்கத்தில், இருநூறு அடி வைத்தால் வந்துவிடும் தூரம். இரண்டு நாள் கழித்து லீவு முடிந்து வேலைக்குப் போய், அதே சைட்டில் கையுறை போட்டு, புது பாட்டில் திறந்து, ஒழுங்காகத் தண்ணீர் எடுத்தேன். என்னோடு வேலை செய்யும் லூக் வார இறுதியில் தூண்டில் போடப் போனபோது போட்டிருந்த சப்பாத்தோடு வந்தான் என்று அன்று காலையில்தான் அவனைப் பிடித்து ஏசி சப்பாத்தை மாற்றச் செய்திருந்தேன். அண்ணையின் படையல் ஒரு கணம்கூட என் நினைவுக்கு வரவில்லை. எப்படி வராமல் போனது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஒருவேளை அழுது முடித்த விஷயத்தை ஒரு பெட்டியிலும் வேலையை இன்னொரு பெட்டியிலும் போட்டு வைத்திருந்தேன் போலிருக்கிறது.

3. வெள்ளிக்கிழமைக்கு முன்

அன்று பின்னேரம் அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், அண்ணையின்ரை படையலை நான் காட்டின இடத்திலைதானே விட்டனியள்?"

"ஓம் பிள்ளை. நீ காட்டின இடத்திலைதான்."

"தண்ணியுக்கைதானே?"

"ஓமோம். தண்ணியுக்கைதான். ஏன் இப்ப உதைக் கேக்கிறாய்? உதெல்லாம் கேக்கக் கூடாதெல்லே."

அக்கா போனைப் பறித்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் ஏறியது.

"உனக்கென்ன விசரோ வனஜா? அவன்ரை கடைசிச் சாப்பாட்டைக் கொண்டுபோய் மெஷினுக்கை விடப் போறியோ? வேலை இடத்திலை வாய் திறக்காதை. எங்கடை ஆக்கள் ஆத்துக்கை குப்பை கொட்டுகினம் எண்டு பேப்பரிலை வரும்."

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? மெட்ரோவில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி இரண்டு தடவை போய்விட்டேன். புளி விட்டு அவித்த தலை, ஓடும் தண்ணீரில் இரண்டு நாளைக்குப் பிறகும் கோடு ஏற்றுமா? ஏற்றாது என்று தோன்றியது. இலைக்கட்டு நீர்ப்புல்லில் சிக்கி அங்கேயே கிடந்திருந்தால்? ஏற்றும் என்றும் தோன்றியது. அண்ணையின் சாப்பாடுதான் என்றால் ஆற்றில் மீன் இல்லை, நல்லது. ஆனால் இத்தனை வருடம் கை சுத்தம் என்று பெயர் எடுத்த நான் என் வீட்டுச் சட்டியை ஆற்றில் கவிழ்த்தவள் ஆகிவிடுவேன். இல்லை என்றால் ஆற்றில் மீன் இருக்கிறது. இதில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரே ஒரு குழுவை அண்ணையின் மீன் தலையைத் தேட அனுப்பியவள் ஆவேன். தென்கரையில் உண்மையான மீன் இருந்தால் அது அந்த நேரத்தில் பெருகிவிடும். வியாழக்கிழமை மத்தியானம் மேடத்தின் அறைக்குப் போய் நானே கதவைச் சாத்தினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "அண்ணா போனதுக்கு நான் ஒரு போன்கூட பண்ணல, சாரி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சமைச்ச மீன்லயும் டிஎன்ஏ துண்டு துண்டா இருக்கும். நம்ம டெஸ்டுக்கு அந்தச் சின்னத் துண்டே போதும்" என்றார் பிறகு. "வர வாய்ப்பிருக்கு. ஆனா கட்டாயம் அதுதான்னு சொல்ல முடியாது. ஆத்துல போட்டத நீங்க பாத்தீங்களா?"

"நான் போகேல்லை. அத்தான்தான் போனவர். தண்ணியுக்கை விட்டதெண்டு சொன்னவர்."

"அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசட்டுமா?"

"வேண்டாம் மேடம். அவை பயந்துபோவினம். நான் வடிவாக் கேட்டனான்."

வடிவாக, அதாவது ஒழுங்காகக் கேட்டேனாம்! இந்த ஒரு வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

குழு தென்கரைக்குப் போனது. அறிக்கையில் சைட் பதினாலுக்கு எதிரே, சமைத்த மீன் ஆற்றில் இடப்பட்டதால் வந்திருக்கக்கூடிய பாசிட்டிவ் என்று எழுதினோம். அடுத்த கிழமை லூக்கும் நானும் போய் அங்கே திரும்பவும் தண்ணீர் எடுத்தோம். நெகட்டிவ். "நெகட்டிவ்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல வனஜா" என்று மேடம் சொன்னார். சொன்னது காதில் விழுந்தது. ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று அவ்வளவு ஒழுங்காகப் பொருந்தி வந்ததால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அண்ணை ஆற்றோடு கரைந்து போய்விட்டார் என்று மனதுக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது.

தென்கரையில் குழு இரண்டு கிழமை வலை போட்டது. ஒன்றும் அகப்படவில்லை.

4. கராஜ் தரையில் கிடந்தது

செப்டெம்பரில் ஒருவர் போன் எடுத்தார். சைட் பதினாலுக்குக் கொஞ்சம் மேலே தூண்டில் போடுகிறவர். தனக்குத் தெரியாத மீன் ஒன்று மாட்டியிருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்றார்.

நானும் லூக்கும் போனோம். அவருடைய கராஜ் தரையில் ஐஸ் கொட்டி அதன்மேல் மீனைக் கிடத்தியிருந்தார். என் கை நீளம் இருக்கும். இந்த ஊரில் பழகிப்போன சாதாரணக் கெண்டைக்கு வாயோரத்தில் மீசை இருக்கும். இதற்கு இல்லை. பெரிய செதில், தட்டையான தலை. லூக் என்னைப் பார்த்தான். நான் தரையில் குந்தி இருந்து அதன் வாயைத் திறந்து பார்த்தேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் புல் கெண்டைதான்.

ஆய்வுகூடத்தில் வயிற்றைக் கீறிப் பார்த்தார்கள். குஞ்சு பொரிக்கக்கூடிய பெண் மீன். முட்டைப் பை இருந்தது.

"ஜூன்ல வந்த சிக்னல் இந்த மீனோடதா, உங்க படையலோடதா?" நான் மேடத்தைக் கேட்க நினைத்த கேள்வியை மேடமே என்னிடம் கேட்டார்.

"தெரியேல்லை மேடம்."

"எனக்கும் தெரியல. ரெண்டுமா இருக்கலாம். ரெண்டுமே இல்லாம, மழைல சாக்கடை நிரம்பி யாரோட சமையலறைத் தண்ணியாவது வந்திருக்கலாம். உங்க அத்தான் கிட்ட இன்னொரு தடவை கேளுங்க. ஆனா தூண்டில்காரங்க கிட்ட கேப்பீங்கல்ல, அந்த மாதிரி கேளுங்க."

தூண்டில்காரரிடம் எப்படிக் கேட்பது என்று நான்தான் இங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவள். "புல் கெண்டை பிடித்தீர்களா?" என்று கேட்கக் கூடாது. பாதிப் பேர் நம்மைச் சந்தோஷப்படுத்த ஆம் என்பார்கள், மீதிப் பேர் பயத்தில் இல்லை என்பார்கள். "இன்றைக்கு என்ன பிடித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அத்தானிடம் நான் கேட்ட இரண்டு கேள்விகளிலும் பதிலை நானே போட்டுக் கொடுத்திருந்தேன். அவர் ஓம் போட்டது மட்டும்தான்.

5. பெட்ரோல் ஸ்டேஷன்

சனிக்கிழமை அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து அத்தானிடம் போனேன். தேத்தண்ணி போட்டுத் தந்தார். பக்கத்தில் இருந்தேன்.

"அத்தான், எட்டண்டைக்கு நீங்கள் இஞ்சையிருந்து வெளிக்கிட்டதிலையிருந்து என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ."

பிறகு நான் கதைக்கவில்லை. அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறும் வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தோம்.

"வா, காட்டுறன்" என்றார்.

காரில் ஏறினோம். ஆற்றுப் பக்கம் போவார் என்று நினைத்தேன். பாதி வழியில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் திருப்பினார். பின்பக்கம், காருக்குக் காற்று அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பச்சை நிறத்தில் ஒரு பெரிய குப்பைத் தொட்டி. அதற்கு முன்னால் காரை நிறுத்தினார்.

"இஞ்சைதான்."

"என்னது இஞ்சை?"

"ஆத்தடிக்குப் போனனான் பிள்ளை. நீ ஆக்கள் வரமாட்டினம் எண்டனி. அங்கை பாத்தா ஒரு பொம்பிளை நாயோடை நிண்டவள். பையைக் கையிலை எடுத்த உடனை கிட்ட வந்து பிரெஞ்சிலை என்னவோ கேட்டவள். எனக்கு ஒண்டும் ஓடேல்லை. மெர்சி, மெர்சி எண்டு சொல்லிப்போட்டுக் காரிலை ஏறீட்டன். திருப்பி வீட்டை கொண்டுவரக் கூடாது. ரோட்டிலை வைக்கவும் ஏலாது. என்ன செய்யிறது?" அவர் தொட்டியைப் பார்த்தார். "கும்பிட்டுப்போட்டுத்தான் போட்டனான். தேவனிட்டை மன்னிப்புக் கேட்டனான்."

"நான் போனிலை கேக்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

"உன்ரை அண்ணன்ரை சாப்பாட்டைக் குப்பையிலை போட்டனான் எண்டு உனக்கு என்னெண்டு சொல்லுறது? நீ ஆறு எண்டு கேட்டாய். நான் ஓம் எண்டன். உனக்கு அது நிம்மதியா இருக்கும் எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் வந்தது. அவரைப் பார்த்தால் கோபம் போய்விட்டது. பிறகு அண்ணையை நினைத்து நெஞ்சு வலித்தது. உடனே சிரிப்பும் வந்தது, ஏனென்றால் சந்தையில் நாள் முழுக்க அழுகின மரக்கறியைத் தொட்டியில் கொட்டிய அண்ணைதான் இதைக் கேட்டால் முதலில் சிரித்திருப்பார். இவ்வளவும் ஒன்றாக வந்ததில் எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் அழுதேன். காற்று அடிக்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு ஹோர்ன் அடிக்காமல் காத்துக்கொண்டு நின்றார்.

முகத்தைத் துடைத்துவிட்டுப் பையிலிருந்த களக் குறிப்புத்தாளை எடுத்தேன். இடம், நாள், நேரம், என்ன போடப்பட்டது, யார் போட்டது, எதற்குள் போட்டது.

"உதெல்லாம் எழுதத்தான் வேணுமோ?" என்று அத்தான் கேட்டார்.

"ஓம் அத்தான்."

"கொக்காவுக்குச் சொல்லப் போறியோ?"

"இல்லை. அக்காவுக்குச் சொல்லமாட்டன், மேடத்துக்கு மட்டும்தான்."

ஆற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் அந்தப் பை திறக்கப்பட்டது என்று கேட்டேன். திறக்கவே இல்லை என்றார். கட்டின கட்டோடுதான் தொட்டிக்குள் போனதாம்.

திங்கட்கிழமை அறிக்கையைத் திருத்தினோம். ஜூன் மாதத்து சைட் பதினாலு, காரணம் தெரியாத பாசிட்டிவ் என்று மாறியது. ஒக்டோபரில் குழு அங்கே போனது. அதற்குள் தண்ணீர் குளிர்ந்துவிட்டது, மீன்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. ஒன்றும் அகப்படவில்லை. அந்தப் பெண் மீன் தனியாக வந்ததா, கூட வந்தவை எத்தனை, முட்டை போட்டதா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஜூனில் ஏறிய கோடு அதனுடையதுதானா என்பதும் தெரியாது.

நீங்கள் களத்துக்குப் போகும்போது தரும் குறிப்புத்தாளில் இப்போது இரண்டு கட்டங்கள் புதிதாக இருக்கும். ஒன்று, நான் பார்த்தது. மற்றது, எனக்குச் சொல்லப்பட்டது, சொன்னவர் யார். நான் கேட்டுத்தான் சேர்த்தார்கள். இரண்டாவது கட்டத்தில் இருப்பதைத் தயவுசெய்து முதலாவதில் எழுதாதீர்கள். சொன்னவர் உங்கள் சொந்தக்காரர் என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள், முடிந்தால் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கள்.

மேடத்திடம் சொன்னது பிழை இல்லை என்று நினைக்கிறேன். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்தது, என் அண்ணைக்கு எட்டுச் செலவு செய்தோம், ஒரு கட்டு வெளியே போனது என்பது மட்டும்தான். ஆற்றுக்குப் போனது என்பதை நானே சேர்த்தேன். கழித்துவிட்டு வந்தவரிடம் கேட்கக் கூடாது என்ற வழக்கம் அன்று அக்கா வீட்டில் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது, அதில் குறை இல்லை. அதை நான் வேலைக்கும் கொண்டு வந்துவிட்டேன். ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை அந்த மீன் அங்கே இருந்திருக்கலாம். என் வாயை நம்பி ஒருவரும் அதைத் தேடவில்லை.